அவர் சொல்லாத பெயர்

இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் உங்களில் யாருக்காவது "சுருக்கமாகச் சொல்கிறார்" என்று நல்ல பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் கிடைத்தவர் உடனே கவலைப்பட ஆரம்பிக்கலாம். எனக்கு அது இரண்டு வருடம் இருந்தது. அதனால் ஒரு மனிதர் மறியலுக்கு, அதாவது ஜெயிலுக்கு, போகப் பார்த்தார், ஒரு பெண் தன் வீட்டில் இருக்க முடியாமல் போகப் பார்த்தார், என் வேலையும் போகப் பார்த்தது. எல்லாம் ஒரே மத்தியானத்தில்.

மாத்தளை மாவட்டத்தில் ஒரு நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், முப்பது வருடத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். எந்த நீதிமன்றம் என்று சொல்ல மாட்டேன். கட்டடம் இன்னும் இருக்கிறது, அதன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். பதிவெல்லாம் சிங்களத்துக்கு மாறியது பிறகு. நான் சொல்லும் காலம் சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து பதினாறு வருடம் ஆகியிருந்த காலம்.

என் சுருக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் நாவுலையிலிருந்து வந்த ஒரு கமக்காரர். அவருடைய எருது அடுத்த தோட்டத்துக் கத்தரிக்காயைத் தின்றுவிட்டது. அன்று எருதைக் கட்டி வைத்திருந்தாரா என்று கேள்வி. எருதை யாரிடம் வாங்கினார், அது கன்றாக இருந்தபோது எப்படிப்பட்ட குணம், கயிறு எந்தக் கடைக் கயிறு, அடுத்த தோட்டக்காரர் வேலியை எத்தனை தடவை நகர்த்தினார் என்றெல்லாம் கால் மணி நேரம் பேசினார். முடித்ததும் நான் நீதவானிடம் "இல்லை, ஐயா" என்றேன். கோடே சிரித்தது. நீதவான்கூடப் பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கமக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவுதானா நான் சொன்னது?" என்று என்னைக் கேட்டார். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இந்தக் கதையை இரண்டு தடவை சொன்னேன். அவள் முதல் தடவை சிரித்தாள்.

அந்தச் சுருக்கத்துக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். தேயிலை, கொக்கோத் தோட்டத்துப் பெண்கள் சாட்சி சொல்ல வந்தால் பெயரில்தான் சிக்கல். புருசன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், மாமனார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். நீதவான் "உன் கணவன் பெயர் என்ன?" என்று கேட்டால், ஒருவர் பிள்ளையைக் காட்டி "இவனோட அப்பா" என்பார், இன்னொருவர் அதே பெயர் உள்ள சாமியைச் சொல்லி "அந்தச் சாமி பேருங்க" என்பார். என் வீட்டிலும் நான் "இவர்" தான். ஆகவே எனக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் வழக்குக் கோவையைப் பார்த்து, யாருக்கு யார் என்ன முறை, யார் யார் பெயரைச் சொல்ல மாட்டார் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வேன். சாட்சி "எங்க மாமா" என்றதும் நான் துண்டைப் பார்த்து ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிடுவேன். சாட்சிக்கும் சங்கடம் இல்லை, நீதவானுக்கும் நேரம் மிச்சம். வேறு கோடுகளில் இருந்தவர்கள் இந்தத் துண்டு முறையை என்னிடம் கேட்டுப் படித்துப் போனார்கள்.

இனி வழக்கு. மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், களஞ்சியத்திலிருந்து காய்ந்த கொக்கோ ஒரு மூட்டை போய்விட்டது. பிடிபட்டவர் மாடசாமி, அந்தத் தோட்டத் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும். முக்கிய சாட்சி செல்லாயி, மாடசாமியின் மகனுடைய மனைவி. எல்லாரும் ஒரே லயத்துக் காம்பிராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இருப்பவர்கள்.

மருமகள் எப்படிச் சாட்சியானார் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று விடிகிற நேரம் அவர் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். பனி. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பாதையில், சிவப்புக் கரை போட்ட கறுப்புக் கம்பளியைத் தலையிலிருந்து முழங்கால் வரை மூடி ஒரு ஆள் மூட்டை சுமந்து போவதைப் பார்த்திருக்கிறார். வேலைக்குப் பேர் போடும்போது, களவு நடந்த விஷயமே தெரியாமல், செவப்புக்கரைக் கம்பளியோட ஒரு ஆள் மூட்டை தூக்கிட்டுப் போனாங்களே என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அது கணக்கப்பிள்ளையின் காதில் விழுந்தது. அந்தத் தோட்டத்தில் சிவப்புக் கரைக் கம்பளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாடசாமியுடையது. பொலிசுக்கு வேறென்ன வேண்டும்?

குற்றச்சாட்டை வாசித்தபோது மாடசாமி கூண்டில் சொன்னது இது: கம்பளி என்னுடையதுதான், ஆனால் அது இரவெல்லாம் லயத்து முன் கொடியில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

குற்றவாளி என்று தீர்ப்பானால் மாடசாமிக்கு மறியல் மட்டும் இல்லை. தோட்டத்தில் பேர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்துவார்கள். காம்பிராவை விடச் சொல்வார்கள். போதாததற்கு, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத அவர்களுடைய பிரஜாவுரிமை மனு எங்கோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடந்தது. குடும்பத்தில் ஒருவர் கள்ளர் என்று எழுதிவிட்டால் அந்த மனு என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவ்வளவும் செல்லாயி என்ன பார்த்தார் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

கணக்கப்பிள்ளை வந்தார். கம்பளி மாடசாமியுடையது என்றார். கங்காணி வந்தார், அவரும் அதையே சொன்னார். களஞ்சியக்காரரும் சொன்னார். மூன்று பேர் சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். செல்லாயி கூண்டில் ஏறும்போது, சிவப்புக் கரைக் கம்பளி என்றால் மாடசாமி என்பது எனக்கு என் பெயர் மாதிரி மனப்பாடமாகியிருந்தது. என் துண்டில் "செல்லாயி – மாடசாமி மாமனார், பேர் சொல்ல மாட்டார்" என்று எழுதியிருந்தேன்.

"யாரைப் பார்த்தாய்?" என்று நீதவான் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனங்களிடம் கோட்டில் யாரும் "நீங்கள்" என்று பேசியதில்லை. நானும் பேசவில்லை. அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

"செவப்புக்கரைக் கம்பளிக்காரரப் பாத்தேங்க" என்றார் செல்லாயி.

"யார் என்று தெரிந்ததா?"

"அந்தக் கம்பளின்னு தெரிஞ்சுச்சுங்க."

நான் துண்டைப் பார்த்தேன். பாவம், மாமனார் பெயரைச் சொல்ல முடியாமல் கம்பளியைச் சொல்லிச் சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், அல்லாஹ் மீது ஆணையாக. ஆங்கிலத்தில் நான் சொன்னதன் பொருள் இதுதான்: "தெரிந்தது, ஐயா. அவர் கூண்டில் நிற்கும் மாடசாமி."

நீதவான் எழுதினார். மாடசாமிக்காக வாதாடும் வக்கீல், அவருடைய புரொக்டர், எழுந்தார், யோசித்தார், கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். சொந்த மருமகளே ஆளைக் காட்டிக் கொடுத்த பிறகு அவர் என்ன கேட்பார்? மத்தியானம் சாப்பாட்டுக்குக் கோடு கலைந்தது. இரண்டு மணிக்குத் தீர்ப்பு.

நான் விறாந்தையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது செல்லாயி வந்து நின்றார். இருபது இருபத்தொரு வயதிருக்கும். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, காலையில இங்கிலீசுல எங்க மாமா பேரச் சொன்னீங்களே. அது நான் சொன்னதாவா?"

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தான் வாழ்நாளில் வாயால் சொல்லாத ஒரு பெயர், தன் வாயிலிருந்து வந்ததாக வெளியே போனதை மட்டும் கேட்டிருக்கிறார்.

"கோட்டுல பேர் இல்லாம எழுத மாட்டாங்க" என்றேன் நான், பெருந்தன்மையாக. "நீ சொல்லலியே, நான்தானே சொன்னேன். பாவம் எல்லாம் என் தலையில."

"பேரச் சொன்னதுக்கு இல்லீங்க. கம்பளிக்குள்ள யாரு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதே."

நான் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

"கம்பளி அவருடையதுதானே?"

"கம்பளி அவுங்களோடதுதாங்க. நான் கம்பளியத்தான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கல. அத்த ஏற்கனவே என்னைய அடுப்படிக்குள்ள விடுறதில்ல. பாக்காததப் பாத்தேன்னு நான் சொல்லி அவுங்க ஜெயிலுக்குப் போனா, நான் எந்த வீட்டுல சோறாக்குறது?"

எனக்கு அப்போது நிரந்தர நியமனம் வரவில்லை. இந்த நீதவானுடைய அறிக்கை போனால்தான் வரும். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு தேதியை மாற்றிச் சொல்லிவிட்டு, இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று அவர் மனைவிக்கே சரியாகத் தெரியாது என்று கந்தோரில் பேசிக்கொள்வார்கள்.

செல்லாயி என்னோடு பேசியதைப் பொலிஸ் சார்ஜன் பார்த்துவிட்டார். வழக்கை நடத்துகிறவர் அவர்தான். நல்ல மனிதர், சிங்களவர், நம்மோடு தமிழிலேயே பேசுவார்.

"என்ன சொல்றா அந்தப் பொம்பள?"

"நான் ஒரு பேரைக் கூட்டிச் சொல்லிட்டேன், சார்ஜன். அவ கம்பளின்னுதான் சொன்னா, நான் மாடசாமின்னு சொல்லிட்டேன்."

"வேற ஆளோட பேரா சொன்னது?"

"இல்ல. அதே ஆளோட பேர்தான்."

"கம்பளிக்காரன் மாடசாமி. மாடசாமி கம்பளிக்காரன். ஒரே ஆள்தானே? அப்ப என்ன பிரச்சினை?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

என்ன பிரச்சினை என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று தெரிகிறது. எங்கே தப்பு என்று கேட்டால் சார்ஜனுடைய கணக்குதான் சரியாக வருகிறது. நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். அப்போது அவசரப்பட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடையில் மாடசாமியின் புரொக்டர் பணிஸ் தின்றுகொண்டிருந்தார். வந்து நாலைந்து மாதம் ஆன புதுப் பிள்ளை. என்னைவிட வயதில் சின்னவர். பேராதனையில் தத்துவம் படித்துவிட்டு, தகப்பனார் பிடிவாதத்தில் சட்டத்துக்கு வந்தவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. எதற்கெடுத்தாலும் லத்தீன் பேசுவார், ஆகவே கோட்டில் அவருக்குப் பெயரே "லத்தீன்" தான். அவரிடம் வழக்கைப் பற்றி நான் பேசக் கூடாது. ஆகவே தத்துவம் பேசினேன்.

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போடலாமா என்று கேட்டேன்.

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஊரில் அவரிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை போலும். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து விளக்கினார். நான் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் தருகிறேன்.

"தாராளமாகப் போடலாம், உண்மை கெடாமல் இருந்தால். லத்தீனில் அதற்கு சல்வா வெரித்தாத்தே என்பார்கள். உண்மைக்குச் சேதம் இல்லாமல் என்று பொருள். உங்களுக்கு அண்ணன் இருக்கிறாரா?"

"நானா ஒருவர் இருக்கிறார், அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். யட்டவத்தையில் கடை வைத்திருக்கிறார்."

"அவர் ஒருநாள் முகமூடி போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் ஆடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"அவர் ஆட மாட்டார். அவருக்கு மூட்டு வருத்தம்."

"ஒரு பேச்சுக்கு. முகமூடிக்காரர் தெருவில் நடந்தார் என்று நான் சொன்னால், அதை மாற்றி உங்கள் அண்ணன் தெருவில் நடந்தார் என்று சொல்லலாம். உண்மை கெடவில்லை. ஆனால் உங்களை நான் கேட்கிறேன், முகமூடிக்காரர் யார் என்று தெரியுமா? நீங்கள் தெரியாது என்கிறீர்கள். அதை மாற்றி, இவருக்குத் தன் அண்ணனையே தெரியாது என்று எழுதலாமா?"

"எழுதினால் நானா கடையை மூடிவிட்டு வந்து என்னைக் கேட்பார்."

"அதுதான். நடந்தார், விழுந்தார் என்று சொல்லும்போது பெயரை மாற்றலாம். தெரிந்தது, நினைத்தேன், நம்பினேன் என்று வந்தால் மாற்றக் கூடாது. அங்கே பேச்சு அந்த ஆளைப் பற்றி மட்டும் இல்லை, சொல்கிறவர் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றியும்தான். மனதில் இல்லாத பெயரை உள்ளே வைத்தால் உண்மை செத்துப்போகும்." பிறகு பணிஸைக் கீழே வைத்துவிட்டு, "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்றார்.

"சும்மா, பொது அறிவுக்கு" என்றேன். அது பொய். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.

இரண்டு மணிக்கு நீதவான் வந்து உட்கார்ந்தார். தீர்ப்பு எழுதிய தாளைக் கையில் எடுத்தார். செல்லாயி பின்னால் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை, மாமியாரும் மற்றவர்களும் அந்தப் பக்கச் சுவரில் நின்றார்கள். நான் எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, காலையில் என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருக்கிறது. பிழை என்னுடையது."

நீதவான் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எந்தச் சொல்?"

"சொல் இல்லை, ஐயா. ஒரு பெயர். சாட்சி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சிவப்புக் கரைக் கம்பளிக்காரரைப் பார்த்தேன் என்றார். அந்தக் கம்பளி என்று தெரிந்தது என்றார். ஆளைத் தெரிந்தது என்று சொல்லவில்லை."

"அந்தக் கம்பளி இவருடையதுதானே?"

"முதலில் வந்த மூன்று சாட்சிகள் அப்படிச் சொன்னார்கள், ஐயா. இவர் சொன்னதில் நான் அதைச் சேர்த்துவிட்டேன்."

சார்ஜன் என்னைப் பார்த்த பார்வையை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

"அப்படியானால் இன்று காலை நீங்களும் சாட்சி சொன்னீர்களா?" என்றார் நீதவான்.

"சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஐயா."

"களவு நடந்த அன்று விடியும்போது நீங்கள் அந்தத் தோட்டத்தில் இருந்தீர்களா?"

"இல்லை ஐயா. சுபஹு தொழுதுவிட்டு வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்."

"அதைப் பதிய வேண்டாம்" என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளைக் குப்புற வைத்தார். செல்லாயியை மறுபடி கூண்டில் ஏறச் சொன்னார்.

"நீ பார்த்த ஆள் யார் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கம்பளி தெரியும்."

மூன்று சொல். என் முப்பது வருடத்தில் அவ்வளவு கவனமாக நான் வேறெதையும் மொழிபெயர்க்கவில்லை. துண்டு என் சட்டைப் பைக்குள் இருந்தது. கையை அந்தப் பக்கம் கொண்டு போகவே இல்லை.

சார்ஜன் விடவில்லை. ஒரே காம்பிராவில் இருக்கிற மாமனார், நடையை வைத்துக்கூடவா தெரியவில்லை என்று கேட்டார்.

"மூட்ட தூக்குனா எல்லா ஆம்பளயும் ஒரே நடதாங்க" என்றார் செல்லாயி. அதையும் அப்படியே சொன்னேன். நீதவான் அதை மட்டும் கொஞ்சம் மெதுவாக எழுதினார்.

கம்பளி யாருடையது என்று நிரூபித்திருக்கிறார்கள், அதற்குள் இருந்தவர் யார் என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி மாடசாமியை விடுதலை செய்தார். புரொக்டர் எழுந்து நன்றி சொன்னார். அந்த வழக்கில் செல்லாயியிடம் ஒரு கேள்விகூடக் கேட்காத அவர், பிறகு பத்து வருடமாக அதைத் தன் லத்தீனால் வென்ற வழக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்ததில்லை. ஒரு வகையில் உண்மைதான்.

நீதவான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "பிழை விட்டதையும் எழுதுவேன், திருத்தியதையும் எழுதுவேன்" என்றார். அப்படியே எழுதினார். மேலே இருந்தவர்கள் முதல் பாதியை மட்டும் வாசித்தார்கள். என் நிரந்தர நியமனம் ஒரு வருடம் தள்ளிப்போனது. மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணுக்கு அடுப்படி கெடச்சிச்சா?" அதை விசாரிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகும் துண்டு எழுதினேன். நீங்களும் எழுதுங்கள், முறை தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அது சட்டைப் பையில் இருக்கட்டும். சாட்சி "மாமா" என்றால் மாமா என்றே சொல்லுங்கள். எந்த மாமா என்று கேட்க நீதவானுக்கு வாய் இருக்கிறது. சாட்சியைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும் நாள்கள் நிறைய வரும். அந்த நாள்களில்தான் உங்கள் மேல் உங்களுக்குச் சந்தேகம் இருக்க வேண்டும்.

இதோடு முடித்திருந்தால் உங்களுக்கும் வசதி, எனக்கும் நல்ல பெயர். ஆனால் மிச்சம் ஒன்று இருக்கிறது.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு காலைப்பொழுது, செல்லாயி கோட்டு விறாந்தைக்கு வந்தார். கூட இரண்டு பிள்ளைகள். புருசன் முற்றத்தில் ஒரு தகரப் பெட்டிக்குக் காவல் நின்றார். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறார்கள். பிரஜாவுரிமை மனுவை யார் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கிடைக்கவில்லை. ஒரு பத்திரத்தில் புருசன் பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததால் சத்தியக் கடதாசி ஒன்று வேண்டும். நான் எழுத உட்கார்ந்தேன்.

"வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டுவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பேர் எழுதியிருந்த அட்டையை நீட்டினார். பார்த்து எழுதினேன்.

"மாமா போன வருசம் தவறிட்டாங்க" என்றார்.

"அப்பிடியா. கேள்விப்படல்ல."

"அவுங்கதாங்க அது."

"எது?"

"கம்பளிக்குள்ள. கோட்டுலருந்து வீட்டுக்குப் போன அன்னைக்குச் சாயந்தரமே அத்தகிட்டச் சொல்லிட்டாங்க. நான் அடுப்படியில இருந்தேன். கேட்டுச்சு."

பேனா நின்றது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு கொக்கோக் கள்ளருக்காகவா எழுந்து நின்றேன், ஒரு வருடம் பின்தங்கினேன் என்று. சார்ஜன் சொன்ன கணக்கு கடைசியில் சரியாகிவிட்டது. கம்பளிக்காரர் மாடசாமி, மாடசாமி கம்பளிக்காரர். செல்லாயி தான் அடுப்படியில் இருந்ததாகச் சொன்னது அப்போதுதான் என் காதில் ஏறியது, என் மனைவி அன்று கேட்ட கேள்விக்குப் பதில்.

"இத ஏன் இப்ப என்கிட்டச் சொல்றீங்க?"

"நாட்ட விட்டே போறோங்க. பின்னாடி யாராச்சும் சொல்லி நீங்க கேள்விப்பட்டா, செல்லாயி தெரிஞ்சுக்கிட்டே மறச்சுட்டா, என்னையும் வீணா எந்திரிச்சு நிக்க வச்சுட்டான்னு நெனப்பீங்க. நான் மறைக்கலங்க. மத்தியானம் எனக்குத் தெரியாது. சாயந்தரந்தான் தெரிஞ்சுச்சு."

அவர் மனதில் சந்தேகம் இருந்திருக்கலாம். ஆனால் அன்று கோட்டில் யாரும் அவரிடம் சந்தேகத்தைக் கேட்கவில்லை. தெரியுமா என்று கேட்டார்கள், தெரியாது என்றார். அது உண்மை. காலையில் அதே ஆளுடைய பெயரை நான் சொன்னேன், அது பொய். ஆள் மாறவில்லை, பெயரும் சரியான பெயர்தான், ஆனாலும் பொய். புரொக்டர் பணிஸோடு சொன்னது எனக்கு முழுவதும் விளங்கியது அந்தச் சத்தியக் கடதாசி எழுதிய அன்றைக்குத்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தப் பெண் நாட்டை விட்டுப் போகும் நேரத்தில், தன் சாட்சியம் உண்மை என்பது என் மனதிலும் உண்மையாக இருக்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கடதாசியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் விதி. தமிழில் நிதானமாக வாசித்தேன். புருசன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, அதன் மேல் விரலை வைத்தேன்.

"இங்க அவர் பேர் இருக்கு."

செல்லாயி எட்டிப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர், ஆனாலும் நன்றாகப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை மையில் தொட்டு, அந்தப் பெயரில் பட்டுவிடாமல், ஒரு விரற்கடை தள்ளி அழுத்தி வைத்தார்.